இரண்டு சுற்று

கொட்டாஞ்சேனையில் அந்தத் தோட்டத்துக்குள் றோஸியின் பின்னலைத் தெரியாதவர் கிடையாது. தோட்டம் என்றால் பூவும் காயும் விளைகிற இடமில்லை. இருபத்தெட்டு வீடுகள் ஒரே தண்ணீர்ப் பைப்பைச் சுற்றிக் கூரையோடு கூரை முட்டி நிற்கிற குடியிருப்பு. காலையில் வாளியோடு வருகிற பெண்கள் எல்லோரும் தலையை அள்ளி முடிந்துகொண்டு வருவார்கள். றோஸி மட்டும் பின்னி விட்டிருப்பாள். நாற்பத்திரண்டு வயதிலும் இடுப்பைத் தாண்டுகிற பின்னல்.

"றோஸியக்கா, உங்கட தலையில பாதியை எனக்குத் தாங்கோ. என்ட மனிசன் திரும்பியும் பாக்கிறாரில்ல," என்று யாராவது ஒருத்தி தொடங்குவாள்.

"பாதி என்னத்துக்கு, முழுக்க எடு. என்ட மனிசனையும் சேத்து எடு," என்பாள் றோஸி.

பைப்படி சிரிக்கும். அதில் எவ்வளவு பகிடி, எவ்வளவு உண்மை என்று எவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அவளுடைய மனிசன் சிறில் துறைமுகத்தில் கொள்கலன் கட்டுகிறவன். கப்பல் தளத்தில் அடுக்கிய இரும்புப் பெட்டிகள் கடலில் சரிந்துவிடாமல் கம்பி போட்டு முறுக்கி இறுக்குகிற வேலை. இருபத்துமூன்று வருடம் அதைத்தான் செய்தான். கருவிப் பையைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கும்போது கை வேர்த்து வழுக்கும். மழை நாளில் சொல்லத் தேவையில்லை. அதனால் அவனோடு வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கயிற்றைச் சும்மா பிடிக்கமாட்டார்கள். உள்ளங்கையைச் சுற்றி ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று இரண்டு சுற்றுப் போட்டுத்தான் இழுப்பார்கள். அதற்குப் பிறகு கயிறு கையை விட்டுப் போகாது. கையும் கயிற்றை விட்டு வராது.

கோபம் வந்தால் சிறில் றோஸியின் பின்னலையும் அப்படித்தான் பிடிப்பான்.

முதலில் அது எண்ணிச் சொல்லக்கூடியதாக இருந்தது. கலியாணமான புதிதில் ஒருதரம், ஒரு கிறிஸ்மஸ் குடியில் ஒருதரம், வேலைநிறுத்தம் நடந்த வருடம் இரண்டு தரம். இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு ஈஸ்டருக்குப் பிறகு அவனுடைய குடி நின்றது. அடி நிற்கவில்லை.

அந்த ஈஸ்டர் ஞாயிறு காலை மூத்தவன் பற்றிக் எழும்பவில்லை. பத்தொன்பது வயது. "டடா, இன்னும் அஞ்சு நிமிசம்," என்று போர்வையை இழுத்துக்கொண்டான். சிறில் போர்வையைப் பிடுங்கி அவன் கன்னத்தில் ஒன்று விட்டான். ஐந்து விரலும் பதிந்த கன்னத்தோடு பற்றிக் தகப்பனுக்குப் பின்னால் கோயிலுக்குப் போனான். றோஸி போகவில்லை. அடுப்பில் பன்றியிறைச்சி வெந்துகொண்டிருந்தது. கட்லட்டுக்கு உருளைக்கிழங்கு மசிக்க இருந்தது. மகள் றமீலா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கோயிலில் குண்டு வெடித்தபோது குசினி யன்னல் ஒருதரம் அதிர்ந்தது. துறைமுகத்தில் ஏதோ பெட்டி விழுந்துவிட்டது என்று றோஸி நினைத்தாள். கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

சிறில் பக்கக் கதவடியில் நின்றதால் இடது காது செவிடானதோடு தப்பினான். பற்றிக் நடு வாங்கு வரிசையில் இருந்தான். பிணவறையில் அடையாளம் காட்டப் போன மச்சானைப் பிடித்து, "கன்னத்தில விரல் அடையாளம் இருந்ததோ?" என்று சிறில் கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான். பார்ப்பதற்குக் கன்னம் இருக்கவில்லை என்று மச்சான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

செப்ரெம்பரில் சிஸ்டர் மாக்ரெட் வந்தார். கோயிலில் தப்பியவர்களையும் ஆட்களைப் பறிகொடுத்தவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. அன்று றோஸியின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. சிஸ்டர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார்.

"சனிக்கிழமையில ஒரு புரோகிறாம் இருக்கு சிறில். குதிரையோட."

"குதிரையோ? என்ன சிஸ்டர், ரேஸ் ஓட்டவோ?"

"ஏறவும் தேவையில்லை, ஓடவும் தேவையில்லை. பக்கத்தில நிண்டாக் காணும். தடவலாம், கயித்தில பிடிச்சு நடத்தலாம். குதிரை மனிசரின்ட நெஞ்சைக் கேக்குமாம். நீங்க பதறினா அதுவும் பதறும். நீங்க ஆறினா அதுவும் ஆறும். வெளிநாட்டில படிச்ச ஒரு லேடி டொக்டர் நடத்திறா. குடும்பமா வரவேணும்."

"என்ட நெஞ்சைக் கேக்க இனி ஒரு மிருகம்தான் மிச்சம்."

"ஓம், மிருகம்தான் மிச்சம்," என்றார் சிஸ்டர். "மனிசரை நீங்க கேக்க விடுறீங்களில்ல. வராட்டி நான் இப்பவே றோஸியை இந்தக் கண்ணோட பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போறன். ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

சிறில் சுவரில் மாட்டியிருந்த பற்றிக்கின் படத்தைப் பார்த்தான். "எத்தினை மணிக்கு?" என்றான்.

மட்டக்குளிக்கு அப்பால், களனி ஆறு கடலில் விழுகிற பக்கம், பழைய செங்கல் கிடங்கு ஒன்றின் வளவைத்தான் அதற்கு ஒதுக்கியிருந்தார்கள். சுற்றி மரவேலி. ஒரு பக்கம் தகரக் கொட்டில். மழை பெய்து விட்ட நேரங்களில் செம்மண்ணும் குதிரைச் சாணமும் ஆற்றுச் சேறும் சேர்ந்து ஒரு மணம் வரும். முதல் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் ஒரு வான் வண்டியிலிருந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். ஐந்து மாதமாக ஒரே ஆஸ்பத்திரி வரிசை, ஒரே முப்பத்தோராம் நாள் பூசை. மனைவியைப் பறிகொடுத்த முத்துலிங்கம் அவர்களில் ஒருவர். கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோடு பேசினாலும் முதலில் "மன்னிக்கோணும்" என்று சொல்கிறவர்.

குதிரை பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பெயர் பிறின்ஸ். முன்பு பொலிஸ் குதிரையாக இருந்து வயதாகி விடப்பட்டது. ஊர்வலம், பாண்ட் வாத்தியம், வெடி எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று பழகியது என்று டொக்டர் சொன்னார். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். வெள்ளைத் தொப்பி. நெஞ்சு வரை நரைத்த தாடி.

கோயிலில் குண்டு வைத்த கூட்டம் முஸ்லிம் பெயரோடு வந்தது. பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். சிஸ்டரின் முகம் சிவந்தது. வேறு ஆளைத் தேடிப் பார்த்தோம், இந்த வேலை தெரிந்தவர் கிடைக்கவில்லை என்று அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

வந்தவர் நின்ற இடத்திலேயே நின்றார். "என்ட பேர் ஸாலிஹ்," என்றார். "முப்பது வருசமா குதிரையோட ஈக்கிறேன். என்ட தாடியப் பாத்து நீங்க பயப்புடுறது எனக்கு வெளங்குது. ஆனா இந்தக் குதிர இதப் புல்லு எண்டு நெனச்சித் தின்னப் பாக்கிற. எனக்கு அந்தப் பயம் வேற."

குதிரை அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பி அவர் தாடியை முகர்ந்தது. முத்துலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனைவி போன பிறகு அவர் சிரித்து எவரும் கண்டதில்லை.

சிறில் சிரிக்கவில்லை. ஸாலிஹ் கயிற்றை நீட்டியபோது, கேட்காத இடது காதை அவர் பக்கம் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரே ஒரு சட்டம்தான்," என்றார் ஸாலிஹ். "கயித்தக் கையில சுத்த வாணாம். மடிச்சிப் புடிங்க. அது இழுத்தா விட்டுருங்க. ஓடினா ஓடட்டும், தீனிக்கு அதுவே வரும். சுத்தினீங்க எண்டா குதிர போயிரும், ஒங்கட வெரலும் அதோட போயிரும்." சிறில் திரும்பவில்லை. ஸாலிஹ் றோஸியைப் பார்த்தார். "நோனா, நீங்க செல்லுங்க. என்னட்ட கேக்க அவருக்கு விருப்பமில்ல போல."

றோஸி சிறிலின் வலது பக்கம் போய் நின்று சொன்னாள். "கையில சுத்தாதேங்கோ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அது அவளுடைய வேலையாகிவிட்டது. பழகின கை; கயிறு கிடைத்தவுடன் அது தன்பாட்டில் ஒரு சுற்றைப் போடும். றோஸி வேலிக்கு வெளியே நின்று, "இஞ்சாருங்கோ, கை," என்பாள். அவன் முணுமுணுத்துக்கொண்டு அவிழ்ப்பான். தன் வாயால் சொல்லி அந்தக் கை எதையாவது விட்டது அந்த வளவில் மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

மூன்றாவது சனிக்கிழமை குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடச் சொன்னார்கள். றோஸி தண்ணீர் வாளியோடு கொட்டிலுக்குப் பின்னால் வந்தாள். சிறில் அவள் வந்ததைக் கேட்கவில்லை. குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்து நின்றிருந்தான். தூரிகை கீழே கிடந்தது.

"எழும்பாட்டிப் பரவாயில்லை மகன்," என்று சொன்னான். "படு. இன்னும் அஞ்சு நிமிசம் படு. அடிச்சிட்டன், என்ன? அடிச்சிட்டன்."

குதிரை பெரிதாக ஒரு மூச்சு விட்டது. சிறிலின் முதுகு அந்த மூச்சோடு ஏறி இறங்கியது. றோஸி வாளியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போகும்போது வானுக்குள் அவன் பக்கத்தில் தோள் முட்ட இருந்தாள். பல மாதத்துக்குப் பிறகு அப்படி இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, சோற்றில் ஒரு கல் கடிபட்டதற்காக, அவன் பின்னலைச் சுற்றிப் பிடித்து அவளைக் குசினிச் சுவரில் மோதினான். காதுக்கு மேலே ஒரு கொத்து முடி வேரோடு வந்தது. அவள் மறுநாள் அந்த இடத்தை மறைத்து இறுக்கிப் பின்னிக்கொண்டு பைப்படிக்குப் போனாள்.

"சிறில்ல நல்ல முன்னேற்றம்," என்றார் டொக்டர் அடுத்த கிழமை. "குதிரை அவரை நம்புது. கவனிச்சீங்களா, கயிறு தொய்ஞ்சே இருக்கு. இழுக்காமலே பின்னால வருது."

"ஓம் டொக்டர்," என்றாள் றோஸி. குதிரைக்குக் கிடைத்த அந்த மனிசன் சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும்தான் இருந்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் இதையும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அவனுக்கு மகனோடு பேச இடமில்லை.

எட்டாவது சனிக்கிழமை காலை றோஸி கடைக்குக் கொடுக்கிற பற்றிஸைப் பொரித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து புழுக்கம். தேர்தல் முடிந்து ஒரு கிழமை ஆகியும் எங்கேயோ ஒரு சந்தியில் வெடி கொளுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் சிறில் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பி மறுபடி இருந்தான். றமீலா அன்று அண்ணனுடைய மெத்தையில், அண்ணனுடைய போர்வைக்குள் படுத்திருந்தாள். முந்தின நாள் பரீட்சை முடிந்த அலுப்பு.

"எழும்பு," என்றான் சிறில்.

போர்வைக்குள்ளிருந்து தூக்கக் குரல் வந்தது. "டடா, இன்னும் அஞ்சு நிமிசம்."

அந்தச் சொல் அவனுக்குள் எங்கே போய் விழுந்தது என்று றோஸி பிறகு பல தரம் யோசித்திருக்கிறாள். அப்போது யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவன் போர்வையைக் கிழித்தெறிந்தான். றமீலாவின் பின்னலை ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று கையில் போட்டான். போட்டு இழுத்தான். பதினைந்து வயதுப் பிள்ளை மெத்தையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்து, கால் உதைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் இழுபட்டு வந்தாள். வாசற்படியின் இரும்பு விளிம்பில் நெற்றி அடிபட்ட சத்தம் பொரிகிற எண்ணெய்க்கு மேலால் கேட்டது.

"விடுங்கோ! ஐயோ, பிள்ளையை விடுங்கோ!"

அவன் கேட்கவில்லை. றோஸி எண்ணெய்க் கரண்டியால் அவன் முழங்கையில் ஓங்கி அடித்தாள். தோல் வெந்து உரிந்தது. அப்போதும் கை விடவில்லை. றமீலாவின் முகத்தில் இரத்தம் ஒழுகியதைக் கண்ட பிறகுதான் அவன் நின்றான். நின்று, சுற்றை அவிழ்க்கத் தெரியாதவனைப் போலத் தன் கையையே பார்த்தான். பிறகு நிலத்தில் இருந்து தலையில் அடித்து அழுதான்.

பிள்ளையின் நெற்றியில் ஐந்து தையல். றோஸி டிஸ்பென்சரி வாசலிலேயே ஒரு திரீவீலரைப் பிடித்து, வெள்ளவத்தையில் இருக்கிற தங்கை றஞ்சிதத்தின் அடுக்குமாடி பிளட்டுக்கு அவளை அனுப்பினாள். றஞ்சிதம் போனில் கத்தினாள்.

"நீயும் வா, அக்கா. இப்பவே வா. இன்னும் அந்த வீட்டில என்ன கிடக்கு உனக்கு?"

"பின்னேரம் குதிரை இருக்கு."

"உனக்கு விசரா? குதிரையாம்!"

"முடிச்சிட்டு வாறன்," என்றாள் றோஸி. அவளுடைய குரல் அவளுக்கே தட்டையாகக் கேட்டது.

பின்னேரம் ஆற்றுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மகள் எங்கே என்று சிஸ்டர் கேட்டார். காய்ச்சல் என்றாள் றோஸி. டொக்டர் இன்னும் வந்து சேரவில்லை. முதலில் சிறிலின் முறை. ஸாலிஹ் குதிரையைக் கொண்டுவந்து கயிற்றை வேலியில் தொங்கவிட்டுவிட்டு அப்பால் போனார். கையிலிருந்து கைக்கு வாங்கமாட்டான் என்பதற்காக எட்டுக் கிழமையாக அவர் செய்துவந்த ஏற்பாடு அது. சிறில் கயிற்றை எடுத்தான். முழங்கையில் கட்டுப் போட்டிருந்ததால் பிடி தளர்ந்திருந்தது.

கை தன்பாட்டில் ஒரு சுற்றைப் போட்டது.

றோஸி வேலிக்கு வெளியே, வழக்கமான இடத்தில் நின்றாள். அவள் அதைக் கண்டாள். "இஞ்சாருங்கோ, கை" என்ற இரண்டு சொல்லும் நாக்கு நுனிக்கு வந்தன. அவன் நடக்கத் தொடங்கினான். கயிறு கொஞ்சம் நழுவியது. கை இரண்டாவது சுற்றையும் போட்டது. றோஸி வாயை மூடிக்கொண்டாள். பற்களுக்கு இடையில் இரத்தச் சுவை வரும் வரைக்கும் மூடிக்கொண்டாள்.

குதிரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவனுக்குப் பின்னால் நடந்தது. அரை வட்டம் போனார்கள்.

அப்போதுதான் வேலிக்கு அப்பால், ஆற்றோரக் குடிசைகளின் பக்கத்தில் யாரோ ஒரு நீள வெடியைக் கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே வளவில் நின்ற எல்லோரும் நிலத்தில் விழுந்தார்கள். சிஸ்டர் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மேல் கையைப் போட்டுக்கொண்டு விழுந்தார். முத்துலிங்கம் முகம் குப்புற விழுந்து மனைவியின் பெயரைச் சொல்லி அலறினார். வானில் வந்தவர்களில் விழாமல் நின்றது றோஸி ஒருத்திதான். அவள் அன்று கோயிலில் இருக்கவில்லை. அவளுடைய உடம்புக்கு அந்தப் பாடம் தெரியாது.

வெடிக்குக் குதிரை அசையவில்லை. காதை மட்டும் திருப்பியது. அதை மிரள வைத்தது மனிதர் விழுந்ததுதான். சிறில் விழும்போது கயிறு அதன் தலையைத் திடீரென்று நிலத்துக்கு இழுத்தது. குதிரை கனைத்துக்கொண்டு பின்னங்காலில் நிமிர்ந்தது. சிறில் கயிற்றோடு மேலே போய்க் கீழே விழுந்தான். பிறகு அது ஓடியது.

வேலியோரமாக அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. தோள் செம்மண்ணை உழுதது. ஒரு வேலிக்கட்டையில் முகம் அடிபட்டது. அடுத்த கட்டையிலும் அடிபட்டது. "விடுங்க! கயித்த விடுங்க!" என்று ஸாலிஹ் கத்திக்கொண்டு குறுக்கே ஓடினார். விட முடியாது என்று றோஸிக்குத் தெரியும். இரண்டு சுற்று. இறுகிவிட்டால் உள்ளே இருப்பவனாலும் அவிழ்க்க முடியாது. சிறிலின் வாயிலிருந்து, காலையில் றமீலாவின் வாயிலிருந்து வந்ததைப் போலவே ஒரு சத்தம் வந்தது. றோஸி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஸாலிஹ் குதிரையின் முன்னால் பாய்ந்து கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். குதிரை அவரையும் இழுத்துக்கொண்டு சுழன்றது. அவர் இடுப்பிலிருந்து, குளம்பு சீவுகிற வளைந்த கத்தியை எடுத்தார்.

முத்துலிங்கம் நிலத்திலிருந்து தலையைத் தூக்கியது அந்த நேரத்தில்தான். காதுக்குள் வெடி. கண்ணுக்கு முன்னால் தொப்பியும் தாடியும் உயர்ந்த கத்தியும். அதற்குக் கீழே இரத்தத்தில் ஒரு மனிதன். யாரோடு பேசினாலும் மன்னிப்புக் கேட்கிற அந்த மனிதர் எழும்பினார். குதிரை தாண்டுவதற்காக வைத்திருந்த குறுக்குத்தடியை உருவினார். ஸாலிஹ் கயிற்றை வெட்டி முடித்துக் குனிந்து சிறிலைத் தூக்கும்போது, பின்னாலிருந்து அவர் தலையில் அடித்தார். தொப்பி பறந்தது. ஸாலிஹ் முழங்காலில் விழுந்து, "வாணாம்," என்றார். முத்துலிங்கம் மறுபடியும் அடித்தார். மூன்றாவது தரம் தடி முறிந்தது.

"இல்லை! இல்லை! அவர் வெட்டினது கயித்தை!" றோஸிக்கு இப்போதுதான் குரல் வந்தது. வந்தும் பிரயோசனமில்லை.

மழை கொட்டத் தொடங்கியது. சிறிலின் மோதிர விரலும் சுண்டு விரலும் கையிலிருந்து பிய்ந்து, வெட்டின கயிற்றுக்குள் இறுகிக் கிடந்தன. குதிரை நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து, விழுந்து கிடந்த ஸாலிஹின் தாடியை மோந்து பார்த்தது.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு பேரும் இரண்டு மாடியில் இருந்தார்கள். சிறிலுக்குக் கையிலும் முகத்திலும் கட்டு. ஸாலிஹுக்கு நினைவு வரவில்லை. நினைவில்லாத மனிதனின் கணுக்காலைக் கட்டிலோடு விலங்கு போட்டுப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரரை இருத்தியிருந்தார்கள். அந்த வருடம் ஒரு முஸ்லிம் வீட்டில் தேங்காய்க் கத்தி கிடந்தாலே செய்தி. உயிர்தப்பி வந்தவர்கள் மத்தியில் கத்தியோடு ஒருவர் பாய்ந்தார் என்றால் கேட்கவா வேண்டும். நிலத்தில் கிடந்தவர்கள் எல்லோரும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தலையைத் தூக்கியபோது அவர்கள் கண்டது அதைத்தான்.

இரண்டாம் நாள் ஒரு பெண் மாடிப்படியில் றோஸியை மறித்தாள். கறுப்பு முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டிருந்தாள். கையில் திறக்காத சாப்பாட்டுப் பார்சல்.

"நான் நஸீறா. ஸாலிஹ்ட வைஃப்," என்றாள். "ஒங்கட மாப்புள்ளட வெரல் போனது எங்களுக்கும் வேதனதான் தங்கச்சி. ஆனா அந்த மனிசன் வீட்டுல ஒரு கோழி அறுக்கவும் மாட்டாரு. நான்தான் அடுத்த வீட்டு ஆளக் கூப்புட்ற."

றோஸி படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் உழுந்து கெடந்தாங்களாம். நீங்க மட்டும் நிண்டீங்களாம். சிஸ்டர் சென்னாங்க. நீங்க கண்டதச் செல்லுங்க. வேற ஒண்டும் வாணாம்."

"முத்துலிங்கம் ஐயாவும் பாவம்..."

"ஓம், பாவம்தான். பாவம் இல்லாத ஆள் ஆரு ஈக்கிற இதுல?" நஸீறா பார்சலை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். "கண் முழிச்சா இவரக் கொண்டு போயிருவாங்க. முழிக்கோணும் எண்டு துஆ கேக்கவும் பயமா ஈக்கி எனக்கு."

றோஸி மேலே போய்ச் சிறிலின் கட்டிலுக்கு வலது பக்கம், கேட்கிற காதுப் பக்கம், இருந்தாள்.

"பொலிசுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கத்தியோட வந்தான் எண்டு சொன்னனான். வந்தவன்தானே?"

"கயித்தை வெட்டத்தான் வந்தவர். வெட்டாட்டி இண்டைக்கு நீங்க இல்லை. அது உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்டும் தெரியாது. கண்ணுக்குள்ள மண்."

"எனக்குத் தெரியும். நான் நிண்டனான். நான் போய்ச் சொல்லப்போறன்."

"வாயைப் பொத்திக்கொண்டு இரு. சனம் காறித் துப்பும். பற்றிக்கைக் கொன்றவங்களுக்காகவோ நீ கோட்டுப் படி ஏறப் போறாய்?"

"ஸாலிஹ் நானா பற்றிக்கைக் கொல்லேல்ல."

சிறில் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். அடுத்த கேள்வி அவனுக்குள் எழும்பி வந்தது. அது வருவதை றோஸி அவன் முகத்தில் கண்டாள்.

"நிண்டனீ எண்டா," என்றான் மெதுவாக, "நான் சுத்தினதையும் கண்டிருப்பாய்."

"ஓம்."

"ரெண்டு சுத்தும்?"

"ரெண்டும்."

"ஒவ்வொரு கிழமையும் சொல்லுவாய். அண்டைக்கு ஏன்டி சொல்லேல்ல?"

அவனுடைய இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. றோஸி எழும்பவில்லை, விலகவும் இல்லை. அந்தக் கை பாதி வழியில் நின்றது.

"இருபது வருசமாச் சொன்னனான், விடுங்கோ எண்டு," என்றாள். "அப்ப உங்களுக்கு ரெண்டு காதும் கேட்டது."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கேட்கிற காதுக்கு மேல் போர்வையை இழுத்துக்கொண்டான். அவள் அவனுடைய சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

பொலிஸில் பெண்களுக்கான மேசையில் இளம் வயதுப் பெண்ணொருத்தி இருந்தாள். சிங்களத்தில்தான் கேட்டாள், றோஸியும் சிங்களத்தில்தான் சொன்னாள். குதிரை, கயிறு, வெடி, விழுந்தவர்கள், ஓடி வந்த மனிதர், கத்தி எதை வெட்டியது, தடி எங்கே விழுந்தது, எத்தனை தரம் விழுந்தது. முத்துலிங்கத்தின் பெயரை மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண் எழுதியதை ஒருமுறை வாசித்தாள். "கத்தியால் வெட்டாமல் கயிற்றைக் கையிலிருந்து கழற்றியிருக்கலாமே? ஏன் முடியாது?"

"வட்ட தெகக்," என்றாள் றோஸி. இரண்டு சுற்று.

"அது அவ்வளவு தூரத்திலிருந்து உங்களுக்கு எப்படித் தெரியும், நோனா?"

"சுற்றும்போதே கண்டேன்."

"கண்டும் ஏன் சத்தம் போடவில்லை?"

றோஸி அதற்குச் சிங்களத்தில் சொல் தேடினாள். தமிழிலும் தேடினாள். பிறகு தோளுக்குப் பின்னால் கையைவிட்டுப் பின்னலை முன்னால் எடுத்தாள். வலது கையை நீட்டி, உள்ளங்கையைச் சுற்றி ஒன்று போட்டாள். அதற்கு மேல் இன்னொன்று போட்டாள். போட்டு, தலை மேசைப் பக்கம் சாயும் வரைக்கும் கீழே இழுத்தாள். காதுக்கு மேலே முடியில்லாத இடம் வெளிச்சத்துக்கு வந்தது. புதிதும் பழையதுமாக மூன்று இடம்.

"இப்படி," என்றாள்.

அந்தப் பெண் பேனாவை வைத்தாள். "போதும் நோனா. விளங்குது. விடுங்கள்."

"விடத்தான் பார்க்கிறேன்," என்றாள் றோஸி.

இழுத்த இழுப்பில் பின்னல் இறுகி, விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. அந்தப் பெண் கதிரையைத் தள்ளிவிட்டு மேசையைச் சுற்றி வந்தாள். குனிந்து, முதலில் மேல் சுற்றையும் பிறகு கீழ்ச் சுற்றையும் இரண்டு கையாலும் அவிழ்த்துவிட்டாள்.